விரல் ஒன்று சொல்ல, ஃபிலிம் ஒன்று சொல்ல…

வாய்ப்புற்றில் கைப்பரிசோதனையும் பல் எக்ஸ்ரேயும் முரண்படும்போது தாடை எலும்பின் கதி என்ன?

கீழ்க் கடைவாய்ப் பல் ஆடுகிறது. ஈறு லேசாக வீங்கியிருக்கிறது, பல் துலக்கும்போது ரத்தம் கசிகிறது. வலி பெரிதாக இல்லை. ஐம்பதைத் தாண்டியவர், முப்பது வருடமாக வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுகிறவர் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துத் தெரு பல் கிளினிக்கில் அந்தப் பல்லுக்கு மட்டும் ஒரு சின்ன எக்ஸ்ரே எடுக்கிறார்கள். வேரைச் சுற்றி எலும்பு கரைந்திருப்பது தெரிகிறது. ஈறு நோயில் இது சாதாரணம் என்பதால் பல்லைப் பிடுங்கிவிடுகிறார்கள். மூன்று வாரம் ஆகியும் குழி ஆறவில்லை. உள்ளிருந்து சதை வேறு வளர்ந்து வருகிறது.

வாய்ப்புற்றுக்கு அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர்களுக்கு இது அலுத்துப்போகும் அளவுக்குப் பழகிய கதை. எலும்பு கரைந்திருக்கிறது என்று எக்ஸ்ரே சொன்னது உண்மைதான். எதனால் கரைந்தது என்று சொல்ல அதற்கு வழியில்லை. ஈறின்மேல் தடித்து நின்ற புண்ணின் ஓரத்தை ஒரு விரல் அழுத்திப் பார்த்திருந்தால், குறடை எடுப்பதற்கு முன்பே சந்தேகம் தட்டியிருக்கும். பல்லைப் பிடுங்கியதில் இன்னொரு கெடுதலும் நேர்ந்தது: ஈறோடு நின்றிருக்கக்கூடிய கட்டிக்கு எலும்புக்குள் இறங்க ஒரு வாசல் திறந்துவிட்டது.

கருவி பார்த்துச் சொன்னால்தான் நமக்கு நம்பிக்கை. டாக்டர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு எதுவும் எழுதாமல் அனுப்பினால், 'ஒரு ஸ்கேன்கூட எடுக்கல' என்று மனம் குறைப்பட்டுக்கொள்ளும். உடம்பின் பல நோய்களில் அந்தக் குறையில் நியாயம் உண்டு. வாய்ப்புற்றில் கிடையாது. வாய் என்பது திறந்தால் தெரிகிற இடம். வயிற்றுக்குள்ளும் நுரையீரலுக்குள்ளும் வளரும் புற்றை எட்டிப் பார்க்கக் கருவி வேண்டும். இங்கே அது கண்ணெதிரே வளர்கிறது. அப்படியிருந்தும் 2020-ஆம் ஆண்டுக்கான குளோபோகான் மதிப்பீட்டின்படி இந்தியாவில் அந்த ஓராண்டில் உதடு, வாய்ப் பகுதிப் புற்று புதிதாக வந்தவர்கள் சுமார் 1.36 லட்சம் பேர். இறந்தவர்கள் சுமார் 75,000 பேர்.

ஐந்து நிமிடம், ஒரு ஜோடி கையுறை

கைப்பரிசோதனைக்குத் தேவையானவை நல்ல வெளிச்சம், கையுறை, நாக்கு வழுக்காமல் இழுத்துப் பிடிக்க ஒரு துண்டு காஸ் துணி. உதட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும். கன்னத்தின் உட்புறம், ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் உள்ள பள்ளம், நாக்கின் இரண்டு ஓரங்கள், நாக்கைத் தூக்கி அதன் அடி, வாயின் தரை, அண்ணம் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அந்தப் பள்ளம்தான் நம் நாட்டில் முக்கியம். வெற்றிலைச் சாறும் புகையிலை உருண்டையும் மணிக்கணக்கில் ஊறிக் கிடப்பது அங்கேதான். கன்னமும் ஈறும் சேருமிடத்தில் வரும் புற்றை 'இந்திய வாய்ப்புற்று' என்றே மருத்துவ உலகில் குறிப்பிடுவதுண்டு. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கு ஆபத்தில்லை என்று நினைப்பவர்கள் இன்னும் ஏராளம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இல் வெளியிட்ட தொகுப்பிலேயே, புகையிலை கலக்காத வெற்றிலைப் பாக்கும் மனிதருக்குப் புற்று உண்டாக்கும் பொருள்தான் என்று வகைப்படுத்திவிட்டது.

கண் பார்த்து முடித்ததும் விரலின் வேலை தொடங்குகிறது. ஒரு கையின் விரல் வாய்க்குள்ளும் மறு கையின் விரல்கள் தாடைக்கு அடியிலும் இருக்க, நடுவில் உள்ள சதையை இரு பக்கமிருந்தும் அழுத்திப் பார்ப்பார்கள். சூட்டுப்புண்ணின் ஓரம் மெத்தென்று இருக்கும், தொட்டால் எரியும். புற்றுப்புண்ணின் ஓரமும் அடியும் கெட்டியாகத் தட்டுப்படும். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது, ஆட்களை ஏமாற்றுவதும் இதுதான். பிறகு கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவ வேண்டும். கீழுதடும் தாடை நுனியும் மரத்துப்போயிருக்கின்றனவா என்று கேட்க வேண்டும். தாடை எலும்புக்குள் ஓடும் நரம்பைக் கட்டி தொட்டுவிட்டதற்கு அந்த மரமரப்பு அடையாளமாக இருக்கலாம். மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நுழைக்கும் அளவுக்கு வாய் திறக்கவில்லை என்றால் அதையும் குறித்துக்கொள்வார்கள்.

தேய்த்தாலும் போகாத வெள்ளைப் படை, அதைவிட ஆபத்தான சிவப்புப் படை, இரண்டு மூன்று வாரத்தில் ஆறாத புண். இவற்றில் எதைப் பார்த்தாலும் அடுத்த படி பயாப்சி. புற்று என்று உறுதியாகச் சொல்லும் அதிகாரம் அந்தச் சின்னத் திசுத் துண்டுக்கு மட்டுமே உண்டு.

வெறுமனே வாயைப் பார்ப்பதால் உயிர் பிழைக்குமா என்ற கேள்விக்கு உலகத்துக்கே பதில் கொடுத்த ஊர் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் 1996-இல் தொடங்கிய ஆய்வில் 35 வயதைத் தாண்டிய 1.9 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் சேர்க்கப்பட்டார்கள். மொத்தம் 13 பகுதிகள். அவற்றில் ஏழில், பயிற்சி பெற்ற பட்டதாரி ஊழியர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். அவர்கள் யாரும் மருத்துவர்கள் இல்லை. மற்ற ஆறு பகுதிகளில் வழக்கமான கவனிப்பு மட்டும். ஆர். சங்கரநாராயணன் தலைமையிலான குழு 2005-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட முடிவின்படி, புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்று மரணம் 34 சதவீதம் குறைந்திருந்தது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது கிடைத்த வித்தியாசம் புள்ளியியல் கணக்கில் உறுதிப்படவில்லை என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. யாருடைய வாயைப் பார்ப்பது அதிகப் பலன் தரும் என்பது இதிலிருந்தே புரிகிறது. அந்த 34 சதவீதத்தில் எக்ஸ்ரேவுக்குப் பங்கு எதுவும் இல்லை.

நிழலுக்குத் தெரியாதது

ரான்ட்ஜென் எக்ஸ்-கதிரைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். அடுத்த ஜனவரியிலேயே ஜெர்மனியின் ஓட்டோ வால்காஃப் தன் வாய்க்குள் கண்ணாடித் தகடு வைத்துப் பல்லைப் படமெடுத்துவிட்டார். அதற்காக 25 நிமிடம் அசையாமல் கிடந்தாராம். பல் மருத்துவம் எக்ஸ்ரேயை அணைத்துக்கொண்ட வேகம் அப்படி. இன்று தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி, ஃபின்லாந்தின் யூர்யோ பாட்டெரோ 1940-களின் இறுதியிலிருந்து வளர்த்தெடுத்த முறை. நாடியைத் தாங்கியில் வைத்து, முன்பல்லால் ஒரு குச்சியைக் கடித்துக்கொண்டு நின்றால், கருவியின் கை தலையைச் சுற்றி வரும். பதினைந்து இருபது நொடியில் காதிலிருந்து காது வரை தாடை விரித்துப் போட்டதுபோல வந்துவிடும். கதிர்வீச்சும் குறைவு. சில நாட்களில் இயற்கையிலிருந்தே நம்மேல் படுவதற்குச் சமம்.

எக்ஸ்ரே காட்டுவது சுண்ணாம்புச் சத்து விழுத்தும் நிழலை. புற்று தொடங்குவதோ ஈரமான மெல்லிய உள்தோலில். அங்கே நிழல் விழுத்த ஒன்றுமில்லை. ஆகவே நாக்கின் ஓரத்திலோ கன்னத்திலோ ஒரு சென்டிமீட்டர் புண் இருப்பவருக்கு எடுத்த ஓபிஜி பளிச்சென்று சுத்தமாக இருக்கும். 'எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்களே டாக்டர்' என்று அவர் சொல்வார். அவர் கையில் இருப்பது தாடை எலும்பின் படம். நாக்கைப் பற்றி அது ஒரு வார்த்தையும் பேசாது.

எலும்பையே பார்க்கும்போதும் ஓபிஜிக்குப் பார்வைக் கோளாறுகள் உண்டு. தாது 30 முதல் 50 சதவீதம் வரை கரைந்த பிறகே படத்தில் கருமை தட்டும். அதற்கு முன் நடப்பது எதுவும் தெரியாது. வளைவான ஒரு குறுகிய அடுக்கில் இருப்பது மட்டுமே தெளிவாக விழும், மற்றது கலங்கிவிடும். நடுத் தாடையில் கழுத்தெலும்பின் நிழல் வந்து குறுக்கே படியும். அதனால் முன்பற்களுக்குக் கீழே என்ன நடக்கிறது என்பதில் ஓபிஜியை ரொம்ப நம்ப முடியாது. கன்னப் பக்கத்து எலும்புத் தகடும் நாக்குப் பக்கத்து எலும்புத் தகடும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். எழுதிய இரண்டு தாள்களைச் சேர்த்து விளக்குக்கு நேரே பிடித்தால் எந்த எழுத்து எந்தத் தாளுடையது என்று பிரிக்க முடியாது அல்லவா, அந்த நிலைமைதான். நாக்குப் பக்கத்துத் தகட்டை மட்டும் கட்டி அரித்திருந்தால், நல்ல நிலையில் உள்ள கன்னப் பக்கத் தகடு அதை மூடி மறைத்துவிடும்.

தாடையை வெட்டுவதா, சீவுவதா?

அப்படியானால் வாய்ப்புற்று நோயாளி எல்லோருக்கும் ஓபிஜி எடுக்கிறார்களே, எதற்கு? பயாப்சியில் புற்று உறுதியான பிறகு எழும் இரண்டாவது கேள்விக்காக: கட்டி தாடை எலும்பைத் தொட்டுவிட்டதா? நோயாளியின் மீதி வாழ்க்கை எப்படி இருக்கும் என்பது இந்தப் பதிலில் இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இந்தக் கேள்வியே எழவில்லை. வாயின் தரையிலிருந்து கழுத்து நெறிகளுக்குப் போகும் நிணநீர்க் குழாய்கள் தாடையின் எலும்புறை வழியாகப் போகின்றன என்று மருத்துவர்கள் நம்பினார்கள். எலும்பில் புற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்டி, தாடை, கழுத்து நெறிகள் மூன்றையும் ஒரே துண்டாக எடுத்தார்கள். 'கமாண்டோ' அறுவை என்று அதற்கு ராணுவப் பெயர். அமெரிக்காவின் மார்ச்செட்டாவும் அவருடைய சகாக்களும், 1971-இல் வெளிவந்தது உட்படத் தங்கள் ஆய்வுகளில், அந்த நம்பிக்கைக்கு ஆதாரமில்லை என்று காட்டினார்கள். புற்று எலும்புக்குள் நுழைவது நேராக ஒட்டி வளர்ந்துதான். ஒட்டவில்லை என்றால் தாடை தப்பிக்கும். 1980-களில் கிளாஸ்கோவின் மெக்ரிகரும் மெக்டொனால்டும் நுழையும் வழிகளை ஆராய்ந்தார்கள். பல் போன தாடையில் மேல் விளிம்பு முழுதாக மூடிக்கொள்ளாமல் ஓட்டை ஓட்டையாக இருப்பதால், கட்டி அந்த வழியாக இறங்குகிறது என்று கண்டார்கள்.

இந்த அறிவின் பலன் நேராக அறுவை அரங்கில் தெரிந்தது. எலும்பைக் கட்டி தொடவில்லை, அல்லது மேலோட்டமாக மட்டும் அரித்திருக்கிறது என்றால் தாடையின் மேல் விளிம்பைச் சீவி எடுத்துவிட்டு அடி விளிம்பை விட்டுவைக்கலாம். முக வடிவம் மாறாது, தாடை தொடர்ச்சியாக இருக்கும். உள்ளே மஜ்ஜை வரை ஊடுருவியிருந்தால் அந்தப் பகுதியைத் துண்டாகவே வெட்டி எடுக்க வேண்டும். அப்போது மெல்லுவது, பேசுவது, எச்சிலை வாய்க்குள் வைத்திருப்பது எல்லாமே கேள்விக்குறி. 1989-இல் நியூயார்க்கின் ஹிடால்கோ, முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் உள்ள மெல்லிய எலும்பை ரத்தக்குழாயோடு எடுத்துத் தாடையாகச் செதுக்கிப் பொருத்தும் முறையை வெளியிட்டார். இன்று நம்மூர்ப் பெரிய மருத்துவமனைகளிலும் அதைச் செய்கிறார்கள். ஆனால் அது பல மணி நேர அறுவை, பெரிய செலவு, காலில் இன்னொரு காயம். தேவையில்லாமல் ஒருவருக்கு அதைச் செய்யக் கூடாது. தேவைப்படுகிறவருக்குச் செய்யாமல் விட்டாலோ புற்று திரும்பி வரும்.

எந்தப் பக்கம் தவறும்?

விரலும் ஃபிலிமும் எதிரெதிர் நிற்கும் இடம் இது. எது துல்லியம் என்று கேட்பவர்கள் பாதிக் கேள்விதான் கேட்கிறார்கள். இரண்டுமே தவறும். எந்தப் பக்கம் தவறும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

விரல் பெரும்பாலும் அதிகப்படியாகப் பயப்படும். கட்டி எலும்போடு ஒட்டி அசையாமல் இருந்தால், உள்ளே போயிருக்கும் என்று முடிவு செய்யும். எலும்பைப் புற்று தொட்டிருந்தால் அதைத் தவறவிடுவது குறைவு, தொடாததையும் தொட்டதாகச் சொல்வது அதிகம். ஈறில் வரும் புற்றில் இது இன்னும் மோசம். ஈறு என்பதே எலும்புறையோடு இறுகப் பிணைந்த சதை. அதில் முளைக்கும் எந்தக் கட்டியும் முதல் நாளிலிருந்தே அசையாது. அங்கே 'ஒட்டியிருக்கிறது' என்ற வார்த்தைக்கு அதிக மதிப்பில்லை. பாக்குப் போட்டு வாய் இறுகிப்போனவருக்கு வாயே திறக்காது. விரல் நுழைய இடமில்லாதபோது தடவிப் பார்த்தேன் என்பதெல்லாம் ஒப்புக்குத்தான். மாறாக, வாயின் தரையில் ஒரு கட்டி தாடையின் உட்பக்கம் வரை வந்திருந்தும் எலும்பின்மேல் வழுக்கி அசைகிறது என்றால், விரலின் அந்தச் சாட்சியை நல்ல அறுவை மருத்துவர்கள் எந்தப் படத்தைவிடவும் மேலாக மதிப்பார்கள்.

ஃபிலிம் ஆரம்ப அரிப்பில் பெரும்பாலும் குறைவாகவே சொல்லும். காரணங்களை மேலே பார்த்தோம். அது 'அரித்திருக்கிறது' என்று தெளிவாகக் காட்டினால், அதுவும் கட்டி இருக்கும் இடத்துக்கு நேர் கீழே செல்லரித்த மாதிரி ஒழுங்கற்ற விளிம்போடு காட்டினால், அநேகமாக நம்பலாம். ஆனால் நம் நோயாளிகளில் பலருக்கு ஏற்கெனவே ஈறு நோய் இருக்கும். கட்டுரையின் தொடக்கத்தில் வந்தவரைப்போல், சமீபத்தில் பல் பிடுங்கிய குழியும் இருக்கும். அவையும் எலும்பைக் கரைத்துக் காட்டும். ஈறு நோயில் பல பற்களைச் சுற்றிப் பரவலாக, ஓரளவு சீரான மட்டத்தில் எலும்பு இறங்கியிருக்கும். புற்றில் ஒரே இடத்தில் பள்ளம் விழுந்து, எலும்பே இல்லாமல் பல் அந்தரத்தில் மிதப்பதுபோலத் தெரியலாம். படிக்கும்போது எளிதாகத் தோன்றும் இந்த வேறுபாடு, ஒரு மங்கலான ஃபிலிமில் அனுபவசாலிகளையும் திணறவைக்கும்.

இரண்டும் 'இல்லை' என்றால் தாடையைக் காப்பாற்றத் திட்டமிடலாம். இரண்டும் 'உண்டு' என்றால் பெரிய அறுவைக்கு ஆயத்தமாகலாம். விரல் உண்டு என்று சொல்லி ஃபிலிம் இல்லை என்று சொல்லும் நோயாளிகள்தான் சிக்கல். இங்கே ஓபிஜியை நம்பி விரலை ஒதுக்குவது ஆபத்து என்பது என் வாசிப்பு. தாமதமாகக் காட்டுவதே இயல்பாகக் கொண்ட ஒரு கருவி வாயை மூடிக்கொண்டிருப்பதை, அது நல்ல சேதி சொன்னதாக எடுத்துக்கொள்ள முடியாது.

அங்கே சிடி ஸ்கேன் வருகிறது. மெல்லிய துண்டுகளாக எலும்பைக் காட்டும்போது நாக்குப் பக்கத் தகடு ஒளிந்துகொள்ள இடமில்லை. ஒரு சின்னத் தந்திரம்: சிடி எடுக்கும்போது நோயாளியைக் கன்னத்தை உப்பவைக்கச் சொல்வார்கள். ஒட்டிக் கிடக்கும் கன்னமும் ஈறும் காற்றால் பிரிந்து, கட்டி எதில் முளைத்தது என்று தெரிந்துவிடும். காசு செலவில்லாத இந்த உத்தி எல்லா ஸ்கேன் மையங்களிலும் தானாக நடப்பதில்லை, கேட்டு வாங்க வேண்டும். உலோகத்தால் அடைத்த பற்கள் சிடியில் கோடு கோடாகச் சிதறும். எம்ஆர்ஐ மஜ்ஜையை நன்றாகக் காட்டும், ஆனால் வெறும் வீக்கத்தையும் சிலசமயம் புற்றாகக் காட்டிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் சந்தேகம் தீராவிட்டால் கடைசி விசாரணை அறுவை மேசையிலேயே நடக்கும். எலும்புறையை உரித்துக் கீழே உள்ள எலும்பை நேராகப் பார்ப்பார்கள். வழுவழுப்பாக இருந்தால் ஒரு முடிவு, சொரசொரத்து அரித்திருந்தால் வேறு முடிவு. சதைத் துண்டை உறையவைத்து அரை மணி நேரத்துக்குள் நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லிவிடலாம். எலும்பில் அது நடக்காது. தாதுவைக் கரைக்க அதை அமிலத்தில் நாள்கணக்கில் ஊறப்போட வேண்டும். விரல் சரியா, ஃபிலிம் சரியா என்ற இறுதித் தீர்ப்பு, தாடையை எடுத்துப் பல நாள் கழித்துத்தான் நோய்க்குறியியல் அறிக்கையில் வரும்.

அந்த அறிக்கையில் வரும் ஒரு வரி குடும்பங்களைக் கலங்கடிப்பது. தாடையின் வெளித் தகட்டைத் துளைத்துப் புற்று உள்ளே போயிருந்தால், கட்டி சிறியதாக இருந்தாலும் அது நான்காம் நிலை என்றே கணக்கு. ஆனால் ஈறில் பிறந்த புற்று எலும்பின் மேற்பரப்பையோ பல் குழியையோ லேசாக அரித்தது மட்டும் என்றால், அதை வைத்து நான்காம் நிலைக்குத் தள்ளக் கூடாது என்பது சர்வதேச விதி. எக்ஸ்ரேயில் 'எலும்பு அரிப்பு' என்ற சொல்லைப் பார்த்ததும் எல்லாம் முடிந்தது என்று வீட்டில் அழத் தொடங்குபவர்கள், எவ்வளவு ஆழம் என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

ஓபிஜிக்கு உரிய இடம்

ஓபிஜியைத் தாழ்த்துவது என் நோக்கமில்லை. சீவி எடுத்தால் அடியில் எவ்வளவு எலும்பு மிஞ்சும் என்று அது காட்டும். பல் போய்த் தேய்ந்த வயதானவரின் தாடையில் ஒரு சென்டிமீட்டர்கூட மிஞ்சாது என்றால், புற்று தொடாவிட்டாலும் சீவும் திட்டம் கைவிடப்படும், பிறகு தானாகவே முறியும் என்பதால். படம் நிஜ அளவைவிடப் பெரிதாகக் காட்டும் என்பதையும் கழித்துத்தான் அளக்க வேண்டும். கதிர்வீச்சு சிகிச்சைக்கு முன்னால் எந்தப் பல் நிற்கும், எது நிற்காது என்று தீர்மானிக்கவும் ஓபிஜி வேண்டும். கதிர் பட்ட தாடையில் பின்னால் பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் செத்துப்போகலாம். கெட்ட பற்களைக் கதிர் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பாவது எடுத்துவிடச் சொல்வது அதனால்தான்.

இந்திய அரசு 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 30 வயதைத் தாண்டியவர்களுக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வாய்ப் பரிசோதனை செய்யச் சொல்கிறது. தேசிய குடும்பநல ஆய்வு 2019-21-இல் 30 முதல் 49 வயதுள்ளவர்களைக் கேட்டபோது, வாழ்நாளில் ஒருமுறையாவது வாய்ப்புற்றுக்காக வாயைக் காட்டியதாகச் சொன்ன ஆண்கள் 1.2 சதவீதம், பெண்கள் 0.9 சதவீதம். பல்வலிக்காகப் பல் மருத்துவரிடம் போனவர்கள் இதைவிட எத்தனையோ மடங்கு இருப்பார்கள். அதே நாற்காலியில், அதே வெளிச்சத்தில், பல்லை மட்டும் பார்க்காமல் நாக்கின் ஓரத்தையும் கன்னப் பள்ளத்தையும் பார்க்க இன்னும் ஐந்து நிமிடம் போதும். பார்க்கவில்லை என்றால் நோயாளியே கேட்கலாம்: 'வாய் முழுக்க ஒருதடவை பார்த்துடுங்க டாக்டர், நான் பாக்குப் போடுறவன்.'

சிகிச்சை முடிந்தவர்களுக்கும் இதே கதைதான். முதல் ஆண்டில் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்வார்கள். 'எக்ஸ்ரே எதுவும் எடுக்கல, சும்மா வாயைப் பார்த்து அனுப்பிட்டாங்க' என்று ஏமாற்றத்தோடு பஸ் ஏறுபவர்கள் உண்டு. வருடக்கணக்கில் புகையிலைச் சாறு ஊறிய வாயில் ஒரு இடத்துப் புற்றை எடுத்த பிறகும் மற்ற இடங்களின் உள்தோல் பழுதுபட்டே இருக்கிறது. 1953-இல் அமெரிக்காவின் ஸ்லாட்டர் இதை எழுதி வைத்தார். இரண்டாவது புற்று மறு கன்னத்திலோ நாக்கிலோ வரலாம். அது தொடங்குவதும் எந்த ஓபிஜியிலும் விழாத அதே மெல்லிய உள்தோலில்தான் என்பதால், அந்த 'சும்மா பார்த்தது' தான் அன்றைய பரிசோதனை.